டெஃபனட்லி, ஷ்யூர்லி, அப்சல்யூட்லி, அட்டர்லி... எதை எங்கங்க போடுறது?

பனியன்_பையன்:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், பையர் இங்கிலாந்துக்காரங்க, காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் மெயில்தான். நமக்கு தமிழ் மீடியம், இங்கிலீஷ் எழுதிருவேன், ஆனா அழுத்தம் திருத்தமா ஒண்ணு சொல்லணும்னு வரும்போது மட்டும் எந்த வார்த்தைய போடுறதுன்னு தெரியாம கைக்கு வர்றத எல்லாம் போட்டு விட்டுர்றது. போன வாரம் எழுதினேன், "வி வில் டெஃபனட்லி அண்ட் ஷ்யூர்லி டிஸ்பேட்ச் த கம்ப்ளீட் குவான்டிட்டி வித்தவுட் ஃபெயில்" அப்படின்னு. அந்தம்மா ஒரே வரில "ப்ளீஸ் கன்ஃபர்ம் த டேட்" னு திருப்பி அனுப்புது. இதுக்கு மேல என்னத்தங்க கன்ஃபர்ம் பண்றது?

டெஃபனட்லி, ஷ்யூர்லி, செர்ட்டன்லி, அப்சல்யூட்லி இதெல்லாம் ஒண்ணுதானா, இல்ல ஒண்ணுக்கு ஒண்ணு பலம் ஜாஸ்தியா? அதே மாதிரி கம்ப்ளீட்லி, டோட்டலி, அட்டர்லி, தரோலி. கூகுள்ல போட்டா எல்லாத்துக்கும் "முற்றிலும்"னே வருது. இன்னொண்ணு, அப்ரைசல் ஃபார்ம்ல நம்மள பத்தி நாமளே எழுதணுமாம், எடுத்த வேலைய விடாம முடிக்கிற ஆளுன்னு எழுதணும், அதுக்கு அடமன்ட் னு போடலாமுங்களா? தெரிஞ்ச அண்ணன்மாரு அக்காமாரு சொல்லுங்க.

*

ரிட்டயர்டு_டீச்சர்_நெல்லை:

தம்பி, நான் முப்பது வருசத்துக்கு மேல இங்கிலீஷ் பாடம் எடுத்தவ. மொதல்ல ஷ்யூர்லிய சொல்லுதேன், ஏன்னா அதுதான் நம்ம ஊர்க்காரங்கள மாட்டிவிடுறது. நம்மளுக்கு ஷ்யூர்லின்னா கண்டிப்பா. அவங்களுக்கு அப்படி இல்ல. வாக்கியத்தோட மொதல்ல ஷ்யூர்லி வந்துட்டா "இப்படித்தானே இருக்கணும், இல்லன்னா ஆச்சரியமாச்சே"ன்னு ஒரு கேள்வி தொனி வந்துரும். "ஷ்யூர்லி யூ வில் கெட் த சாம்பிள் பை மண்டே" ன்னு நீ நல்ல மனசோட எழுதுற, படிக்கிற அம்மா காதுல "திங்கக்கிழமைக்குள்ள வந்துரணுமே, இன்னுமா வரல?"ங்கிற மாதிரி விழும். வாக்கு குடுக்கிற எடத்துல ஷ்யூர்லிய தொடாத. டெஃபனட்லி, செர்ட்டன்லி ரெண்டும் பரவால்ல, டெஃபனட்லி பேச்சு வழக்கு, செர்ட்டன்லி கொஞ்சம் சட்டை இன் பண்ணின மாதிரி. ரெண்டையும் சேத்து போடாத, அவ்வளவுதான். டெஃபனட்லிக்கு ஸ்பெல்லிங் எழுதும்போது நடுவுல ஃபைனைட் ங்கிற வார்த்தை அப்படியே இருக்கும்னு ஞாபகம் வச்சுக்கோ. நடுவுல ஏ போட்டு எழுதுறவங்க நெறைய, சில சமயம் ஃபோன் அத டிஃபையன்ட்லின்னு மாத்திவிட்டுரும், அதுக்கு அர்த்தம் "முடியாது போடா"ன்னு எதுத்து நிக்கிறது. பையருக்கு அப்படி ஒரு மெயில் போச்சுன்னா என்ன ஆவும்னு யோசிச்சுக்கோ :)

ஷ்யூர் விஷயத்துல இன்னும் ரெண்டு இருக்கு. "இட் இஸ் செர்ட்டன் தட்" சரி, "இட் இஸ் ஷ்யூர் தட்" தப்பு. ஷ்யூர் ங்கிறது ஆளோட மனசுல இருக்கிற உறுதி, "ஐ ஆம் ஷ்யூர்" னு ஆளுக்குத்தான் வரும். அடுத்தது, "ஹி இஸ் ஷ்யூர் டு வின்" ன்னா அவன் ஜெயிப்பான்னு சொல்றவனுக்கு உறுதி. "ஹி இஸ் ஷ்யூர் ஆஃப் வின்னிங்" ன்னா ஜெயிப்போம்னு அவனுக்கு நெனப்பு, தோத்தாலும் தோப்பான். பேங்க் எக்ஸாம் எழுதுற பிள்ளைங்க இதுல எத்தன பேரு கோட்ட விட்டுருக்குன்னு எனக்குத்தான் தெரியும்.

இப்ப முற்றிலும் கூட்டம். இதுங்கள்ல பலம் பாக்காத, கூட்டாளி யாருன்னு பாரு. தரோலி வேலையோட சேரும், தரோலி செக்டு, தரோலி வாஷ்டு, ஒரு மூலை விடாம பண்ணினதுன்னு அர்த்தம், அப்புறம் தரோலி என்ஜாய்டு. ஃபுல்லின்னா ஃபுல்லி பேய்டு, ஃபுல்லி புக்டு, ஃபுல்லி அவேர். என்டயர்லி பெரும்பாலும் டிஃபரன்ட் கூட வரும். அட்டர்லி இருக்கே, அது கெட்ட சகவாசம். அட்டர்லி ரிடிக்குலஸ், அட்டர்லி யூஸ்லெஸ். இது என் சொந்த சரக்கு இல்ல, பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டில ஜான் சிங்க்ளேர்னு ஒருத்தர் கோடிக்கணக்கான வார்த்தைங்கள கம்ப்யூட்டர்ல ஏத்தி எது எது கூட வருதுன்னு பாக்கிற வேலைய பெருசா வளத்துவிட்டாரு, அந்த வழில பில் லோன்னு ஒருத்தர் 1993-ல அட்டர்லிய எடுத்து ஆராஞ்சு, அது பக்கத்துல நிக்கிறதெல்லாம் பெரும்பாலும் வேண்டாத வார்த்தைன்னு காட்டினாரு. நமக்கு இது புதுசில்ல, "அறவே" ன்னு ஒரு வார்த்தை இருக்குல்லா? அறவே இல்ல, அறவே பிடிக்கல. அறவே பிடிச்சிருக்குன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? "சுத்தமா"வும் அப்படித்தான், சுத்தமா மறந்துட்டேன், சுத்தமா பிடிக்கல. அட்டர்லி வர்ற எடத்துல அறவேவயும் சுத்தமாவயும் வச்சு பாத்துக்கோ, பாதி பிரச்சினை தீந்துரும்.

கடைசியா, வெரி கூட சேர்றது அப்சல்யூட்லி கூட சேராது. வெரி டயர்ட், ஆனா அப்சல்யூட்லி எக்ஸாஸ்டட். வெரி பிக், ஆனா அப்சல்யூட்லி ஹியூஜ். ஏற்கெனவே உச்சில நிக்கிற வார்த்தைக்கு வெரி போட்டா அது எங்க போவும்? அதனால வெரி பர்ஃபெக்ட், வெரி யுனீக் எல்லாம் எழுதாத. அடமன்ட் பத்தி அப்புறம் வந்து சொல்லுதேன், அடுப்புல குழம்பு இருக்கு.

*

வெட்டி_ஆபீசர்:

டீச்சர் சொன்னது எல்லாம் ஓகே, அப்போ அமுல் மட்டும் எப்படி? "அட்டர்லி பட்டர்லி டெலிஷியஸ்" னு அறுபதுகள்ல இருந்து போர்டு வச்சிருக்கான், வெண்ணெய் நல்லாத்தான விக்குது?

*

ரிட்டயர்டு_டீச்சர்_நெல்லை:

கேப்ப நீ. அதான் அந்த விளம்பரத்தோட வித்தையே, வராத எடத்துல வந்ததனாலதான் காதுல ஒட்டிக்கிச்சு, பட்டர்லியோட எதுகையும் சேந்துக்கிச்சு. அட்டர்லி பிரில்லியன்ட், அட்டர்லி சார்மிங் எல்லாம் வெள்ளைக்காரங்களே சொல்லுவாங்க, இல்லன்னு நான் சொல்லல. தம்பி பையருக்கு மெயில் எழுதும்போது அந்த வித்தை வேண்டாம்னுதான் சொல்லுதேன்.

*

மதுரை_வக்கீல்:

தம்பி, உங்க மெயில்ல "வித்தவுட் ஃபெயில்" பாத்ததும் எனக்கு பக்குனு ஆச்சு. டீச்சரம்மா மொழி சொன்னாங்க, நான் கோர்ட்டு பக்கம் சொல்றேன். மெயில்ல எழுதுறதும் நாளைக்கு எவிடன்ஸ்தான், அதனால அழுத்தத்துக்கு போடுற வார்த்தை எது, உங்கள கட்டிப்போடுற வார்த்தை எதுன்னு பிரிச்சு வச்சுக்கங்க. டெஃபனட்லி, செர்ட்டன்லி எல்லாம் சும்மா சத்தம். கன்ஃபர்ம், அண்டர்டேக், கியாரன்டி, ஷேல் இதெல்லாம் கட்டு. "டைம் இஸ் ஆஃப் த எசென்ஸ்" னு காண்ட்ராக்ட்ல எங்கயாச்சும் இருந்தா இன்னும் ஜாக்கிரதை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 55-ம் பிரிவுப்படி காலம் முக்கியம்னு வச்ச ஒப்பந்தத்துல தேதி தவறினா எதிர் தரப்பு அந்த ஒப்பந்தத்தையே வேண்டாம்னு சொல்லலாம்.

அதே சட்டத்துல 7-ம் பிரிவ ஒரு தடவ படிங்க, உங்க கேள்விக்கு பாதி பதில் அங்க இருக்கு. ஒருத்தர் வைக்கிற முன்மொழிவு வாக்குறுதியா மாறணும்னா, அத ஏத்துக்கிறது "அப்சல்யூட் அண்ட் அன்குவாலிஃபைட்" ஆ இருக்கணும். இங்க அப்சல்யூட்னா ரொம்ப பலமான்னு அர்த்தம் இல்ல, எதோடயும் கட்டுப்படாததுன்னு அர்த்தம். அவங்க பத்தாயிரம் பீஸ் இந்த ரேட்டுன்னு அனுப்புறாங்க, நீங்க "அக்செப்டட், பட் டெலிவரி ஒன் வீக் லேட்டர்" ன்னு எழுதினா நீங்க ஏத்துக்கவே இல்ல, புதுசா ஒரு ஆஃபர் வச்சிருக்கீங்க, அவ்வளவுதான். முன்னாடி எத்தன அப்சல்யூட்லி போட்டிருந்தாலும் அந்த ஒரு "பட்" எல்லாத்தையும் சாப்ட்டுரும்.

அன்குவாலிஃபைட்ல நம்மாளுங்க நெறைய பேர் வழுக்கி விழறாங்க. படிப்பு தகுதி இல்லாதவன்னு நெனச்சுக்குவாங்க. அன்குவாலிஃபைட் சக்சஸ்னா அப்பழுக்கில்லாத வெற்றி. உங்க ஆடிட்டர் "அன்குவாலிஃபைட் ஒப்பீனியன்" குடுத்தா சந்தோஷப்படுங்க, கணக்கு சுத்தம்னு அர்த்தம், குவாலிஃபைட்னு குடுத்தாத்தான் எங்கயோ இடிக்குது. எனக்கு தெரிஞ்ச ஒரு மில்லு ஓனர் இதக் கேட்டுட்டு ஆடிட்டர்கிட்ட சண்டைக்கே போயிட்டாரு.

அப்புறம் "நல் அண்ட் வாய்ட்", "சீஸ் அண்ட் டெசிஸ்ட்", "ஃபுல் அண்ட் ஃபைனல்" இப்படி ஜோடி ஜோடியா வர்றத பாத்துட்டுத்தான் நீங்க டெஃபனட்லிக்கு ஷ்யூர்லிய ஜோடி சேத்தீங்கன்னு நெனைக்கிறேன். அது சட்ட இங்கிலீஷோட பழைய பழக்கம், ஒரு காலத்துல அங்க கோர்ட்ல லத்தீனும் பிரெஞ்சும் இங்கிலீஷும் கலந்து ஓடிச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரே விஷயத்த ரெண்டு வார்த்தைல எழுதி எழுதி அப்படியே ஒட்டிக்கிச்சு. அதுங்கள மொத்தமா எடுத்து போடலாம், நாமளா புது ஜோடி சேக்க முடியாது.

உறுதியிலயும் படி இருக்கு. பழைய எவிடன்ஸ் ஆக்ட் 1872-ல 4-ம் பிரிவு, மே ப்ரிசூம், ஷேல் ப்ரிசூம், கன்க்ளூசிவ் ப்ரூஃப். மொதலாவதுல கோர்ட்டு அனுமானிச்சுக்கலாம், விருப்பம். ரெண்டாவதுல அனுமானிச்சே ஆகணும், ஆனா எதிர் தரப்பு இல்லன்னு நிரூபிக்கலாம். மூணாவது வந்துட்டா அத மறுக்க சாட்சியமே எடுக்க மாட்டாங்க, கதவு சாத்தியாச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து புது சாட்சிய சட்டம் வந்திருச்சு, இந்த மூணும் அதுலயும் தொடருது.

உங்க மெயில நான் எழுதினா இப்படித்தான் எழுதுவேன்: "வி வில் ஷிப் ஆல் 12,000 பீசஸ் ஆன் 14 மார்ச், சப்ஜெக்ட் டு யுவர் லேப் டிப் அப்ரூவல் பை 20 ஜனவரி." லேப் டிப்னா கலர் சரியான்னு பாக்க முன்னாடியே சாயம் போட்டு அனுப்புற துணித்துண்டு, உங்களுக்கு தெரியும், படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன். ஒரு டெஃபனட்லி கூட இல்ல பாருங்க. எண்ணிக்கையும் தேதியும் சும்மா உதாரணத்துக்கு. ஷேடு அப்ரூவல் அவங்க லேட் பண்ணிட்டு ஏர் ஷிப்மென்ட் செலவ உங்க தலைல கட்டாம இருக்க அந்த சப்ஜெக்ட் டு தான் காப்பாத்தும்.

*

லண்டன்_தெருவோரம்:

நான் யாழ்ப்பாணம், இங்க லண்டனில கனகாலமா இருக்கிறன். வக்கீல் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒரு விசயம் சேர்க்கிறன், இங்கத்தையாக்கள் உறுதியான சொல்லுகளைப் பாவிக்கிறதே அனேகமா உறுதி இல்லாத இடத்திலதான். "நோ டவுட் ஹி இஸ் பிசி" எண்டால் பிசி எண்டு தெரியும் எண்டில்லை, பிசியா இருப்பார் போல எண்டுதான் கருத்து, பின்னால ஒரு "பட்" வரப்போகுது எண்டும் விளங்கிக்கொள்ள வேணும். "ஐ ஆம் ஷ்யூர் இட் வில் பி ஃபைன்" எண்டு மனேஜர் சொன்னால் எனக்கு வயித்தைக் கலக்கும். சந்தேகமே இல்லை எண்டு உண்மையிலேயே சொல்ல நினைச்சா வித்தவுட் எ டவுட் எண்டோ அன்டவுட்டட்லி எண்டோதான் சொல்லுவினம். "ஹி மஸ்ட் பி அட் ஹோம்" எண்டதும் அப்பிடித்தான், மஸ்ட் போட்டாலே ஊகம். வீட்டில நிக்கிறதைக் கண்டவன் "ஹி இஸ் அட் ஹோம்" எண்டு சும்மா சொல்லிப்போட்டுப் போவான். வெறும் வினைச்சொல்லை விடப் பெலமான உறுதி இந்த மொழியில இல்லை எண்டு நான் சொல்லுவன்.

க்வைட் எண்ட சொல்லைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதுதான் பெரிய வில்லங்கம். இங்க "க்வைட் குட்" எண்டால் பரவாயில்லை, பெரிசா ஒண்டுமில்லை. அமெரிக்கனுக்கு அது வெரி குட். அதே க்வைட்டை இங்க "க்வைட் இம்பாசிபிள்", "க்வைட் ரைட்" எண்டு சொன்னால் முழுக்க எண்ட கருத்து வந்திடும். டீச்சர் சொன்ன அதே கணக்கு, உச்சத்தில நிக்கிற சொல்லோட வந்தால் முழுமை, ஏறி இறங்குற சொல்லோட வந்தால் அரைகுறை. தம்பியின்ர பையர் "த சாம்பிள் இஸ் க்வைட் நைஸ்" எண்டு எழுதினால் பார்ட்டி வைக்காதேங்கோ.

அப்சல்யூட்லி இங்க இப்ப வெறும் "ஓம்" தான். தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டாலும் அப்சல்யூட்லி. ஆனா கோர்ட்டில அது உண்மையாவே கடைசிச் சொல்லா இருந்தது, விவாகரத்தில முதல் டிக்ரீ நைசை, அதுக்குப் பிறகு டிக்ரீ அப்சல்யூட் வந்தால்தான் கலியாணம் முறிஞ்சது. 2022 ஏப்ரலில சட்டம் மாறினாப் பிறகு பேரை கண்டிஷனல் ஓடர், ஃபைனல் ஓடர் எண்டு மாத்திப்போட்டினம். சனத்துக்கு விளங்கட்டும் எண்டுதான்.

*

பனியன்_பையன்:

ஆத்தாடி, இவ்வளவு இருக்குதுங்களா. எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஒரு சின்ன சந்தேகம், இந்த வார்த்தைக்கெல்லாம் இத்தன பர்சென்ட்னு ஒரு டேபிள் போட்டு வச்சுக்க முடியாதுங்களா? ப்ராபப்லின்னா இவ்வளவு, செர்ட்டன்லின்னா இவ்வளவுன்னு. எங்க டைங் மாஸ்டர்கிட்ட, அதான் சாயம் போடுறத பாத்துக்கிறவரு, கேட்டா எல்லாத்துக்கும் "ஆயிரும்ங்க"ன்னு ஒரே பதில், அது அம்பதா தொண்ணூறான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு புரியல.

*

மழைக்கணக்கு:

முடியும், போட்டும் இருக்காங்க, ஆனா அதுக்கு ஒரு கதை இருக்கு. அமெரிக்க சிஐஏல ஷெர்மன் கென்ட்னு ஒரு பெரிய ஆள், முன்னாடி யேல்ல வரலாறு சொல்லிக்குடுத்தவர். 1951-ல யூகோஸ்லாவியா மேல சோவியத் பக்கத்துல இருந்து படையெடுப்பு வருமான்னு இவங்க டீம் அறிக்கை எழுதிச்சு, அதுல "சீரியஸ் பாசிபிலிட்டி" ன்னு போட்டாங்க. அத படிச்ச வெளியுறவுத்துறை ஆள் ஒருத்தர், ஆமா இதுக்கு நீங்க மனசுல வச்சிருந்த கணக்கு என்னன்னு போற போக்குல கேட்டாரு. கென்ட் 65-க்கு 35 ன்னாரு. கேட்டவருக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு, அவரு ரொம்ப கம்மியா நெனச்சிட்டு இருந்திருக்காரு. சரின்னு கென்ட் திரும்பி வந்து அந்த அறிக்கைய சேந்து எழுதின சொந்த டீம் ஆளுங்கள ஒவ்வொருத்தரா கேட்டா ஒருத்தர் 80 ங்கிறாரு, ஒருத்தர் 20 ங்கிறாரு. எல்லாரும் ஒரே வார்த்தைக்கு தலையாட்டி கையெழுத்து போட்டவங்க! அப்புறம்தான் 1964-ல ஒரு கட்டுரைல டேபிள் போட்டாரு: ஆல்மோஸ்ட் செர்ட்டன்னா 93 சதவீதம், ஒரு 6 முன்ன பின்ன. ப்ராபபிள்னா 75, ஒரு 12 முன்ன பின்ன. கவிதை மாதிரி எழுதுறவங்க இத ஏத்துக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சாங்கன்னு அவரே நொந்து எழுதியிருக்காரு.

இப்ப இத ஒழுங்கா கடைப்பிடிக்கிறது ஐபிசிசி, அதான் ஐநாவோட காலநிலை குழு. அவங்க அறிக்கைல லைக்லின்னா 66 சதவீதத்துக்கு மேல, வெரி லைக்லின்னா 90, எக்ஸ்ட்ரீம்லி லைக்லின்னா 95, வெர்ச்சுவலி செர்ட்டன்னா 99-க்கு மேல. புவி சூடாகுறதுக்கு மனுஷன்தான் முக்கிய காரணம்ங்கிறதுக்கு 2001-ல லைக்லி போட்டாங்க, 2007-ல வெரி லைக்லி, 2013-ல எக்ஸ்ட்ரீம்லி லைக்லி. 2021 அறிக்கைல, மனுஷனால சூடாகியிருக்குங்கிறது "அன்இக்விவோக்கல்" ன்னு எழுதிட்டாங்க, அதாவது ரெண்டு பேச்சுக்கே எடமில்ல. இருபது வருசத்துல ஒரு வார்த்தை படிப்படியா ஏறினத பாக்க எனக்கு என்னமோ சிலிர்க்கும், வேலை அப்படி. உங்க டைங் மாஸ்டருக்கு இந்த டேபிள காட்டினா "ஆயிரும்ங்க"ன்னுதான் சொல்லுவாரு :)

*

இலக்கணக்_கிறுக்கு:

டைங் மாஸ்டரோட "ஆயிரும்"ல விஷயம் இருக்கு, சிரிச்சிட்டு போகாதீங்க. ஆகும்னா சும்மா எதிர்காலம். ஆயிரும், ஆயிடும்னா உள்ள "விடு"ங்கிற துணைவினை ஒளிஞ்சிட்டிருக்கு, ஆகிவிடும். வருவேன் வேற வந்துடுவேன் வேற, முடிச்சேன் வேற முடிச்சுட்டேன் வேற. அந்த ஒரு "விடு"லயே முடிவு, முழுமை, தீர்மானம் மூணையும் நாம வினைக்குள்ளயே வச்சு சொல்லி பழகிட்டோம், இங்கிலீஷுக்கு போகும்போது அந்த விடுவ எங்க வைக்கிறதுன்னு தெரியாம வெளிய ஒரு டெஃபனட்லி, ஒரு கம்ப்ளீட்லின்னு ஒட்ட வைக்கிறோம். பனியன்_பையன் எழுதின வாக்கியம் அப்படி வந்ததுதான்னு எனக்கு படுது.

இங்கிலீஷ்லயும் அதுக்கு எடம் இருக்கு, வினைக்கு பின்னாடி வர்ற குட்டி வார்த்தைல. யூஸ்டுன்னா பயன்படுத்தினாங்க, யூஸ்டு அப்னா தீத்துட்டாங்க. ஈட்டுக்கும் ஈட் அப்புக்கும் அதே வித்தியாசம்தான். சோல்டு அவுட்னா ஒண்ணு பாக்கியில்லாம வித்துருச்சு, பெய்டு ஆஃப்னா கடன் அடைஞ்சிருச்சு, பர்ன்ட் டவுன்னா வீடு எரிஞ்சு தரைமட்டம். "வி ஹேவ் கம்ப்ளீட்லி யூஸ்டு த யார்ன்" னு எழுதுறதுக்கு "வி ஹேவ் யூஸ்டு அப் த யார்ன்" னு எழுதி பாருங்க, மெனக்கெட்டு யோசிச்சு எழுதின மாதிரியே இருக்காது. நாம முழுக்க முழுக்கன்னு ரெட்டிச்சு சொல்றதுக்கும் அவங்ககிட்ட ஆள் இருக்கு, த்ரூ அண்ட் த்ரூ, அவுட் அண்ட் அவுட். லாக் ஸ்டாக் அண்ட் பேரல்னா பழைய துப்பாக்கியோட மூணு பாகம், மூணையும் சேத்து சொல்லிட்டா மொத்த துப்பாக்கியும் வந்துருச்சுல்ல, மூட்டை முடிச்சோட காலி பண்ணிட்டான்னு சொல்ற எடத்துக்கு சரியா வரும்.

*

ரிட்டயர்டு_டீச்சர்_நெல்லை:

விடுவும் அப்பும் நல்ல பொருத்தம், எனக்கு இத்தன வருசத்துல தோணல.

தம்பி, அடமன்டுக்கு வாரேன். அப்ரைசல்ல போடாத. நம்ம ஊர்ல பிள்ளை அடம் பிடிச்சா "ஹி இஸ் வெரி அடமன்ட்" னு டைரில எழுதி அனுப்புற டீச்சர்ங்கள எனக்கு தெரியும். சத்தம் ஒண்ணா இருக்கதால அடமும் அடமன்டும் ஒண்ணுன்னு மனசுல பதிஞ்சிருச்சு. அது கிரேக்கத்துல அடமாஸ்னு, அடக்க முடியாத ஒரு கடினமான பொருள், டயமண்டும் அதே வேர்லருந்து வந்ததுதான். இங்கிலீஷ்காரங்க அத ஆளோட குணமா அவ்வளவா சொல்ல மாட்டாங்க, ஒரு விஷயத்துல நின்னத சொல்லுவாங்க, "ஷி வாஸ் அடமன்ட் தட் ஷி ஹேட் பெய்டு". பணம் கட்டிட்டேன்னு ஒரே பிடியா நின்னா, அவ்வளவுதான், மத்தபடி அவ தங்கமான பொம்பளையா இருக்கலாம்.

குணத்துக்கு டிடர்மின்ட் போடு, பெர்சிஸ்டன்ட் போடு. பெர்சிஸ்டன்ட்ல ஒரு சங்கடம், இருமலுக்கும் அதே வார்த்தைதான். பெர்சிவியரன்ஸ்னா பாராட்டு மட்டும்தான், செவ்வாய்க்கு நாசா அனுப்பி 2021 பிப்ரவரில இறங்கின வண்டிக்கு அந்தப் பேருதான். டாகிட் னு ஒண்ணு இருக்கு, நாயில இருந்து வந்தது, வாயில கவ்வினத விடாத குணம், டாக்டு ன்னு படிக்காத. டெனேஷியஸ்னா உடும்புப் பிடி. ரெஸொல்யூட்டும் நல்ல வார்த்தைதான், ஆனா கொஞ்சம் கொடி ஏத்துற மாதிரி இருக்கும், பனியன் கம்பெனி ஃபார்முக்கு ஜாஸ்தி. அந்தப் பேர்ல ஒரு பிரிட்டிஷ் கப்பல் 1854-ல ஆர்க்டிக் பனில சிக்கி, ஆளுங்க எறங்கி விட்டுட்டு போயிட்டாங்க, அது பாட்டுக்கு மிதந்து வந்து அமெரிக்க திமிங்கல வேட்டைக்காரங்க கைல கெடச்சுது, அவங்க சீர் பண்ணி விக்டோரியா ராணிக்கே திருப்பி குடுத்தாங்க. பின்னால அந்தக் கப்பல ஒடச்ச மரத்துல மேஜை செஞ்சு ராணி 1880-ல அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பினா, வெள்ளை மாளிகைல இப்பவும் ரெஸொல்யூட் டெஸ்க் அதான். எதுக்கோ ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டேன்.

ஸ்டபர்ன், ஆப்ஸ்டினட் ரெண்டும் திட்டுற வார்த்தைங்கதான், ஆனா யார் யார பத்தி சொல்றாங்கங்கிறதுல இருக்கு. பெர்ட்ரண்ட் ரஸல் 1948-ல பிபிசி ரேடியோல வினைச்சொல் வாய்ப்பாடு மாதிரி ஒண்ணு சொன்னாரு: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் பன்றித்தலை முட்டாள். நம்ம வீட்டுலயும் அப்படித்தான, என் மகனுக்கு வைராக்கியம், மருமகனுக்கு வறட்டுப் பிடிவாதம் :)

ஷேல், வில் பத்தி வக்கீல் தம்பி தொட்டாரு. 1653-ல ஜான் வாலிஸ்னு ஒரு கணக்கு வாத்தியார் லத்தீன்ல எழுதின இங்கிலீஷ் இலக்கணத்துல இருந்து வந்த சட்டம் அது: ஐ ஷேல்னா சும்மா எதிர்காலம், ஐ வில்னா தீர்மானம், யூ, ஹி வந்தா அப்படியே தலைகீழ். அத வச்சு நாங்க கிளாஸ்ல ஒரு கதை சொல்லுவோம், ஆத்துல விழுந்த ஒருத்தன் "ஐ வில் ட்ரௌன், நோபடி ஷேல் சேவ் மி" ன்னு கத்தினானாம், நான் சாவேன்னு முடிவு பண்ணிட்டேன், ஒருத்தனும் காப்பாத்தக் கூடாதுங்கிறான் போலன்னு கரைல இருந்தவங்க கைய கட்டிட்டு பாத்தாங்களாம். இப்ப அந்த விதிய யாரும் பாக்கிறதில்ல, காண்ட்ராக்ட்ல வர்ற ஷேல் மட்டும்தான் இன்னும் முறைக்குது.

*

வெட்டி_ஆபீசர்:

ஹெல் பென்ட் போட்டா செம கெத்தா இருக்குமே? "ஐ ஆம் ஹெல் பென்ட் ஆன் ஃபினிஷிங் எவ்ரி ஆர்டர்". பாஸ் அசந்துருவாரு.

*

ரிட்டயர்டு_டீச்சர்_நெல்லை:

அசர மாட்டாரு, பயந்துருவாரு. பென்ட் ஆன் ங்கிறதும் அட்டர்லி மாதிரி கெட்ட சகவாசம், பென்ட் ஆன் ரிவெஞ்ச், பென்ட் ஆன் டிஸ்ட்ரக்ஷன். அதே பில் லோ இதையும் சேத்துத்தான் ஆராஞ்சாரு. தம்பி, நீ இன்டென்ட் ஆன் போட்டுக்கோ, இல்லன்னா "ஐ சீ எவ்ரி ஆர்டர் த்ரூ டு ஷிப்மென்ட்" ன்னு எழுது. சீ த்ரூன்னா கடைசி வரைக்கும் நின்னு முடிக்கிறது. ஆனா அந்த "ஆர்டர்" நடுவுல வரணும், மறந்துராத. "ஐ சீ த்ரூ எவ்ரி ஆர்டர்" ன்னு மாத்தி எழுதினா ஒவ்வொரு ஆர்டர்லயும் இருக்கிற தில்லுமுல்ல கண்டுபிடிச்சிருவேன்னு ஆயிரும்.

*

பனியன்_பையன்:

நோட் பண்ணிக்கிட்டேனுங்க டீச்சர். எங்க பாஸுக்கு ரெண்டாவதுதான் ஜாஸ்தி பொருந்தும், ஆனா ஃபார்ம்ல வேண்டாம்.